99 சதவீதம் இருக்கட்டும், முதல்ல ஒரு பாக்கெட்டைப் பிடிங்க

ஜீரோத் ரிவ்யூவுக்கு டைட்டில் கொடுக்கும் சீசன் வந்தாச்சு. செக்யூரிட்டி டொமைன் எடுக்கும் டீம்களில் பாதிப் பேர் கொடுக்கப்போகிற டைட்டில் எனக்கு இப்பவே தெரியும். 'இன்ட்ரூஷன் டிடெக்ஷன் சிஸ்டம் யூசிங்' என்று ஆரம்பிக்கும். 'யூசிங்'குக்குப் பிறகு ரேண்டம் ஃபாரஸ்ட், சிஎன்என், எல்எஸ்டிஎம், ஹைப்ரிட் என்று அந்தந்த வருஷத்து ஃபேஷனுக்கு ஏத்த மாதிரி ஒரு வார்த்தை வரும். கடைசி ஸ்லைடில் அக்யூரசி 99 சதவீதம் சொச்சம். கூடவே நீலக் கலரில் ஒரு கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ்.

அந்த டைட்டிலைக் கொடுக்கப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுறேன். திட்டுறதுக்கு இல்லை. அதே ஐடிஎஸ்ஸை, அதே நாலு பேர் டீமோட, அதே ரெண்டு செமஸ்டர் டைமுக்குள்ள, வேற ஒரு இடத்துல வச்சுப் பாருங்கன்னு சொல்றதுக்காக. அந்த இடம் ஒரு ஓபன் சோர்ஸ் கிளவுடோட நெட்வொர்க். குறிப்பா ஓபன்ஸ்டாக், அதிலயும் நியூட்ரான்.

முதல்ல அந்த 99 எங்கிருந்து வருதுன்னு பார்த்துடுவோம். பெரும்பாலும் டேட்டாசெட் கேடிடி கப் 99, இல்லைன்னா அதோட தம்பி என்எஸ்எல்-கேடிடி. கேடிடியின் மூலம், 1998-ல் அமெரிக்காவின் டார்பா அமைப்புக்காக எம்ஐடி லிங்கன் லேப் செய்த ஒரு சிமுலேஷன். ஒரு அமெரிக்க விமானப்படைத் தளத்தின் நெட்வொர்க் எப்படி இருக்கும் என்று செயற்கையாக உருவாக்கி, ட்ரெயினிங்குக்காக ஏழு வாரத்து ட்ராஃபிக்கைப் பிடிச்சு வச்சாங்க. அதிலிருந்து வந்ததுதான் சுமார் 49 லட்சம் கனெக்ஷன் ரெக்கார்டு, ஒவ்வொன்றுக்கும் 41 ஃபீச்சர். ஸ்மர்ஃப், நெப்ட்யூன் என்ற ரெண்டு டிஓஎஸ் தாக்குதல்கள் மட்டுமே அதில் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல். 2009-ல் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, ட்ரெயினிங் செட்டில் 78 சதவீத ரெக்கார்டுகளும் டெஸ்ட் செட்டில் 75 சதவீத ரெக்கார்டுகளும் டூப்ளிகேட் என்று தெரிந்தது. இன்டர்னல் டெஸ்ட்டில் ஒரே டூ மார்க் கேள்வியை எழுபத்தஞ்சு தடவை கேட்டுட்டு, நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது வாங்கிட்டான்னு சந்தோஷப்படுற கதைதான். டூப்ளிகேட்டை எல்லாம் நீக்கிச் செய்ததுதான் என்எஸ்எல்-கேடிடி. டூப்ளிகேட் போச்சு. 1998 போகலை. அந்த ட்ராஃபிக்கோட வயசு என் வயசைவிட அதிகம்.

சரி, 2017-ல் வந்த சிஐசி-ஐடிஎஸ் மாதிரி புது டேட்டாசெட் எடுத்தா? கொஞ்சம் நல்லது. ஆனா என்னோட வருத்தம் டேட்டாசெட்டோட வயசு பத்தினது மட்டும் இல்லை. அந்த ப்ராஜெக்ட்டில் நெட்வொர்க்கே கிடையாது. ஒரு சிஎஸ்வி ஃபைல் இருக்கு, ஒரு நோட்புக் இருக்கு, முடிஞ்சது. 'இந்தப் பாக்கெட் உங்க மாடலுக்கு எந்த வழியா வந்துச்சு?' என்று எக்ஸ்டெர்னல் கேட்டால் பதில் இல்லை. நல்ல வேளை, பல எக்ஸ்டெர்னல்கள் அதைக் கேட்பதும் இல்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்க. உங்க நெட்வொர்க்கில் ஒரு நாளைக்கு 10 லட்சம் ஃப்ளோ போகுதுன்னு வைங்க. அதில் நிஜமான தாக்குதல் 10. உங்க மாடல் தாக்குதலை 99 சதவீதம் சரியா பிடிக்கும், நல்ல ட்ராஃபிக்கை வெறும் 1 சதவீதம்தான் தப்பா சொல்லும். கேட்க ரொம்ப நல்லா இருக்கில்ல? அந்த 1 சதவீதம் என்பது ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பொய் அலாரம். அதுக்கு நடுவில் பத்தே பத்து நிஜம். ஆயிரம் அலாரத்தில் ஒன்றுதான் உண்மை என்றால், மூணாவது நாள் அந்த ஸ்கிரீனை எவனும் பார்க்க மாட்டான். ஸ்டீஃபன் ஆக்ஸல்சன் 1999-லேயே ஒரு பேப்பரில் இந்த பேஸ் ரேட் சிக்கலை விளக்கிட்டார். 2010-ல் ராபின் சோமரும் வெர்ன் பாக்ஸனும் எழுதின பேப்பர் இன்னும் நேரடியா விஷயத்துக்கு வரும். மெஷின் லேர்னிங் நல்லா செய்வது, ஏற்கெனவே பார்த்தது மாதிரி இருப்பதைக் கண்டுபிடிக்கிற வேலை. நாம அதுகிட்ட கேட்கிறதோ, இதுவரை பார்க்காத ஒன்றைக் கண்டுபிடின்னு. இந்த பாக்ஸன்தான் இன்னைக்கு ஸீக் என்று அழைக்கப்படும் டூலை, அது 'ப்ரோ'வாக இருந்த தொண்ணூறுகளில், எழுதினவர். லிட்ரேச்சர் சர்வேக்கு இருபது பேப்பர் தேடும்போது இந்த ரெண்டையும் சேர்த்துக்கங்க. மத்த பதினெட்டைவிட இது ரெண்டும் உதவும்.

இப்ப கிளவுடுக்கு வருவோம். 2010-ல் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து ஆரம்பிச்சது ஓபன்ஸ்டாக். அதில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கிற பகுதிக்கு முதலில் குவான்டம் என்று பேர். அந்தப் பேருக்கு வேற கம்பெனி சொந்தக்காரர் என்பதால் 2013-ல் நியூட்ரான் ஆனது. (ஃபிசிக்ஸை மட்டும் விடலை.) விஎம்முக்கு நெட்வொர்க் கொடுப்பது, ஐபி கொடுப்பது, ரவுட்டர் போடுவது, செக்யூரிட்டி குரூப் வைப்பது எல்லாம் நியூட்ரான் வேலை.

செக்யூரிட்டி குரூப் இருக்கே, அப்புறம் ஐடிஎஸ் எதுக்கு? நியாயமான கேள்வி. ஹாஸ்டல் கேட்டை நினைச்சுக்கங்க. செக்யூரிட்டி அண்ணன் ஐடி கார்டு பார்த்து உள்ளே விடுவார். உள்ளே போனவன் எந்த ஃப்ளோரில் எந்த ரூம் கதவைத் தட்டிப் பார்க்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. செக்யூரிட்டி குரூப்பும் அப்படித்தான். 80-வது போர்ட்டைத் திறந்து விடச் சொன்னால் திறந்து விடும். அந்த வழியா வருவது நல்ல ரிக்வெஸ்ட்டா, எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனா என்று பார்க்காது. அதோட, நியூட்ரானில் டீஃபால்ட்டா வர்ற செக்யூரிட்டி குரூப்பைத் திறந்து பாருங்க. வெளியே போகிற எல்லாத்துக்கும் அனுமதி. அதே குரூப்பில் இருக்கும் மத்த விஎம்களிலிருந்து வருகிற எல்லாத்துக்கும் அனுமதி. அப்படின்னா ஒரு விஎம் விழுந்தா, அதோட அண்ணன் தம்பி எல்லாருக்கும் கதவு திறந்தே இருக்கு. 2017 மே மாதம் வானாக்ரை பரவினது இப்படித்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச் கொடுத்தாச்சு. போடாமல் விட்ட ஒரு மெஷின் கிடைச்சதும், உள்ளேயே 445-வது போர்ட் வழியா பக்கத்து மெஷின், அதுக்குப் பக்கத்து மெஷின் என்று போய்க்கொண்டே இருந்தது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் அப்பாயின்ட்மென்ட்டுகளை ரத்து செய்யவேண்டி வந்தது.

பழைய டேட்டா சென்டரில் இந்த மாதிரி உள் நடமாட்டத்தைப் பார்க்க ஒரு வழி இருந்தது. ரெண்டு சர்வர் பேசிக்கணும்னா நடுவில் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதில் ஒரு மிரர் போர்ட் வச்சு ஸ்னார்ட்டை மாட்டிடலாம். கிளவுடில்? ரெண்டு விஎம் ஒரே கம்ப்யூட் நோடில் இருந்தால் பாக்கெட் அந்தப் பெட்டியை விட்டு வெளியவே வராது. ஓபன் விஸ்விட்ச்சின் இன்டக்ரேஷன் பிரிட்ஜில் உள்ளே போய் உள்ளேயே முடிஞ்சிடும். நீங்க லட்ச ரூபா பெட்டியை வாசலில் வச்சாலும் அதுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு விஎம் வேற வேற நோடில் இருந்தால் பாக்கெட் வெளிய வரும். ஆனா விஎக்ஸ்லேன் உறை போட்டுக்கிட்டு, யுடிபி 4789-ல வரும். உறையைப் பிரிக்கத் தெரியாத சென்சாருக்கு அது எல்லாம் ரெண்டு கம்ப்யூட் நோடுக்கு நடுவே நடக்கிற ஒரே யுடிபி அரட்டை.

ஐடிஎஸ்ஸை எங்கே வைப்பது என்பதே இங்கே ஒரு கேள்வி ஆயிடுது பாருங்க. என் கருத்தில் இதுதான் ப்ராஜெக்ட். டிடெக்ஷன் இன்ஜினை நீங்க எழுத வேண்டாம். 1998-ல் மார்ட்டின் ரோஷ் ஸ்னார்ட் எழுதினார். 2010-ல் சூரிகாட்டாவின் முதல் வெர்ஷன் வந்தது, மல்டி த்ரெட், இலவசம், இன்னைக்கும் உயிரோட இருக்கு. எழுதப்படாதது உங்க கிளவுடுக்கும் அந்த இன்ஜினுக்கும் நடுவில் போகிற குழாய்.

அந்தக் குழாய்க்கு மூணு வழி யோசிக்கலாம். ஒவ்வொரு விஎம் உள்ளேயும் சூரிகாட்டா போடுறது ஒண்ணு. சுலபம், ஆனா உள்ளே ரூட் கிடைச்சவன் முதல் வேலையா அதைத்தான் நிறுத்துவான். ரெண்டாவது, எல்லா ட்ராஃபிக்கையும் ஒரு சென்சார் விஎம் வழியாகவே ஓட விடுவது. தாக்குதலைத் தடுக்கவும் முடியும், ஆனா டெமோ அன்னைக்கு சென்சார் படுத்தால் மொத்த நெட்வொர்க்கும் படுத்திடும். மூணாவது, விஎம்மோட போர்ட்டில் போகிற பாக்கெட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து சென்சாருக்கு அனுப்புறது. நியூட்ரானுக்கு டேப்-ஆஸ்-எ-சர்வீஸ் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இதுக்காகவே இருக்கு. எங்கே கொண்டுபோய்க் கொட்டணும் என்பது டேப் சர்வீஸ், எந்தப் போர்ட்டிலிருந்து எடுக்கணும் என்பது டேப் ஃப்ளோ. அது வேண்டாம்னா ஓபன் விஸ்விட்ச்சிலேயே நேரடியா மிரர் போடலாம். ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்டுக்கு நான் மூணாவதைத்தான் சொல்வேன்.

ஆனா மூணாவதிலும் குழி இருக்கு. அந்தக் குழிகளுக்காகத்தான் இதை எடுங்கன்னு சொல்றேன்.

முதல் குழி செக்சம். ஒரே நோடில் ரெண்டு விஎம் பேசும்போது, கெஸ்ட் கெர்னல் 'செக்சம் கணக்கை நெட்வொர்க் கார்டு பார்த்துக்கும்' என்று விட்டுடும். அங்கே நிஜ கார்டு எதுவும் இல்லை, அதனால் யாரும் போடாமலேயே பாக்கெட் போய்ச் சேரும். வாங்குற விஎம்முக்கு இது தெரியும், கண்டுக்காது. சூரிகாட்டா கண்டுக்கும். செக்சம் தப்பு, இது குப்பை என்று ஒதுக்கிட்டு அந்தக் கனெக்ஷனை ஒழுங்கா பார்க்காமல் விட்டுடும். தாக்குதல் நடக்கும், டிசிபிடம்ப்பில் பாக்கெட் தெரியும், அலெர்ட் மட்டும் வராது. ரூலில் தப்பான்னு ரெண்டு ராத்திரி தேடுவீங்க. செக்சம் சரிபார்ப்பை நிறுத்த ஒரு சின்ன ஆப்ஷன் போதும், ஆனா அது ஏன்னு புரிஞ்ச பிறகு ஆஃப்லோடிங் என்பது உங்களுக்குப் புத்தக வார்த்தையா இருக்காது. இதே குடும்பத்தில்தான், சிறுசிறு பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டி சென்சாருக்கு ராட்சசப் பாக்கெட்டாகக் காட்டும் ஜிஆர்ஓவும். அதை நிறுத்தி வைக்கச் சொல்லி சூரிகாட்டா டாக்குமென்ட்டேஷனே சொல்லுது.

ரெண்டாவது குழி எம்டியு. விஎக்ஸ்லேன் உறைக்கு 50 பைட் ஆகும். அதனால்தான் விஎம் உள்ளே 1450 என்று இருக்கும். மிரர் பண்ணின பாக்கெட்டை இன்னொரு டனல் வழியா இன்னொரு நோடுக்கு அனுப்பினால் மறுபடி இடம் பத்தாது. இதை நான் விளக்கப் போறதில்லை, நீங்களே மாட்டிக்குவீங்க.

மூணாவது குழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அலெர்ட் வந்தாச்சு. '10.0.0.5-லிருந்து 10.0.0.9-க்கு ஸ்கேன்' என்று சூரிகாட்டா ஜேசன் ஃபைலில் அழகா எழுதியிருக்கு. யாரோட 10.0.0.5? கிளவுடில் ரெண்டு வாடகைக்காரர்கள் ஒரே ஐபி ரேஞ்சை வச்சுக்கலாம், நியூட்ரான் அதை அனுமதிக்கும், அதுதான் அதோட அழகே. உங்க தெருவில் நாலு பேருக்கு கார்த்திக்னு பேர் இருக்கிற மாதிரி. 'கார்த்திக் கல் எறிஞ்சான்' என்று கம்ப்ளெயின்ட் எழுதி என்ன பிரயோஜனம்? விலேன் டேக்கை வச்சுக் கண்டுபிடிக்கலாம்னு தோணும். இன்டக்ரேஷன் பிரிட்ஜில் ஓபன் விஸ்விட்ச் ஏஜென்ட் போடுகிற டேக் அந்த நோடுக்கு மட்டும் சொந்தம். இந்த நோடில் 3 என்றால் அடுத்த நோடில் அதே நெட்வொர்க் 7 ஆக இருக்கலாம்.

வழி இருக்கு. விஎம்மோட டேப் இன்டர்ஃபேஸ் பேரைப் பாருங்க. 'டேப்' என்ற மூணு ஆங்கில எழுத்துக்குப் பின்னால் இருப்பது நியூட்ரான் போர்ட் ஐடியோட முதல் 11 எழுத்துகள். அதை வச்சு நியூட்ரான் ஏபிஐகிட்ட கேட்டால் எந்த ப்ராஜெக்ட், எந்த விஎம் என்று சொல்லிடும். ஆனா எப்ப கேட்கிறீங்க? பத்து மணிக்கு அலெர்ட், பத்து அஞ்சுக்கு நீங்க கேட்கிறீங்க, நடுவில் அந்த விஎம்மை டெலிட் பண்ணிட்டாங்க. போர்ட்டே இல்லை. இல்லைன்னா அதே ஐபி வேற விஎம்முக்குப் போயாச்சு, நீங்க சம்பந்தமே இல்லாத ஒருத்தரைக் குற்றவாளி ஆக்கிட்டீங்க. அப்போ போர்ட் உருவாகும்போதும் அழியும்போதும் நியூட்ரான் அனுப்புற நோட்டிஃபிகேஷனைக் கேட்டு, எந்த நேரத்தில் எந்த ஐபி யாருடையது என்று ஒரு வரலாறு வச்சுக்கணும். பைத்தானில் சில நூறு வரி. இதுதான் உங்க ப்ராஜெக்ட்டின் இதயம். எந்த ப்ராஜெக்ட் சென்டரிலும் இது கிடைக்காது.

இது சும்மா அழகுக்கு இல்லை. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் பண்ணணும், லாக்குகளை 180 நாள் வச்சிருக்கணும். 'தாக்கினது 10.0.0.5' என்று மட்டும் சொல்கிற 180 நாள் லாக்கை வச்சு யார் என்ன பண்ண முடியும்?

இப்ப உங்க கைடு கேட்கப்போற கேள்வி. 'எல்லாம் எக்ஸிஸ்டிங் டூல்ஸ் தானே, இதுல உன் நாவல்டி என்ன?' இந்தக் கேள்விக்கு நான் பயப்படச் சொல்ல மாட்டேன். அமேசான் 2019-ல் விபிசி ட்ராஃபிக் மிரரிங் என்று ஒரு வசதியைக் கொண்டுவந்தது, அது பாக்கெட்டுக்கு ஜெராக்ஸ் எடுக்கிற வேலைதான். அவங்களோட நெட்வொர்க் ஃபயர்வாலில் நீங்க எழுதிக் கொடுக்கிற ரூல் சூரிகாட்டா ரூல்தான். உலகத்தோட பெரிய கிளவுட் கம்பெனியே எக்ஸிஸ்டிங் இன்ஜினை எடுத்து, நடுவில் குழாய் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுது. அதை நீங்க ஓபன் சோர்ஸில் செஞ்சு காட்டினால் இன்ஜினியரிங் இல்லையா? ஆறாயிரம் பேர் ட்ரெயின் பண்ணின டேட்டாசெட்டில் ஆறாயிரத்தோராவது ஆளா ஒரு லேயரைக் கூட்டுறதுக்கு நாவல்டி என்று பேர் வைக்கிறோம். அந்த நாவல்டியை யாரும் ரன் பண்ணப் போறதில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் நடைமுறையும் தெரியணும் இல்லையா, கைடு ரொம்பப் பிடிவாதமா இருந்தா உங்க சென்சாரில் வர்ற அலெர்ட்டுகளை வரிசைப்படுத்த ஒரு சின்ன மாடல் சேர்த்துக்கங்க. உங்க சொந்த நெட்வொர்க்கில் பிடிச்ச டேட்டாவோட. அக்யூரசி 80 வந்தாலும் அந்த 80 உங்களுடையது.

மெஷின் பத்தாது என்று சொல்வீங்க. 8 ஜிபி லேப்டாப்பில் டெவ்ஸ்டாக் போட்டால் திணறும், உண்மைதான். 16 இருந்தால் நிம்மதி. லேபில் ரெண்டு டெஸ்க்டாப்பும் ஒரு ஸ்விட்ச்சும் கேட்டு வாங்க முடிந்தால் ரெண்டு நோடு கிளவுடே ஆச்சு, விஎக்ஸ்லேனைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளே ஓடுகிற விஎம்களுக்கு உபுண்டு வேண்டாம், சோதனைக்கென்றே இருக்கும் சிர்ராஸ் இமேஜ் ரொம்பச் சின்னது. ஒரு எச்சரிக்கை மட்டும்: டெவ்ஸ்டாக் இப்போ டீஃபால்ட்டா ஓவிஎன் போடும், அதில் டனலும் விஎக்ஸ்லேன் இல்லை, ஜெனீவ். நான் மேலே சொன்ன டேக் சமாச்சாரம் பழைய ஏஜென்ட் முறைக்கு. ஒன்றுக்கு எழுதினது இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது. எது என்று முதல் வாரத்திலேயே முடிவு பண்ணிட்டு அதிலேயே நில்லுங்க.

ஓபன்ஸ்டாக் எல்லாம் பழசு, இப்ப குபர்நெட்டீஸ்தான் என்று ஒரு குரூப் வரும். வரட்டும். பாடுக்கும் பாடுக்கும் நடுவே போகிற பாக்கெட்டை யார் பார்க்கிறது, அழிஞ்சுபோன பாடோட ஐபியை எப்படித் தேடுறது என்பது அங்கேயும் இதே கேள்விதான், இன்னும் வேகமா.

இதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு, இதை எந்த ரிப்போர்ட்டிலும் ஒரு பக்கமாவது எழுதி நான் பார்த்ததில்லை. ஐடிஎஸ் என்பது ஒட்டுக் கேட்கிற கருவி. நல்ல நோக்கத்தோட இருந்தாலும் ஒட்டுக் கேட்பதுதான். உங்க கிளவுடில் ஒருத்தர் இன்னொருத்தரோட போர்ட்டில் டேப் போட முடியுமா? முடியக்கூடாது. அட்மின் போட முடியுமா? முடிஞ்சா, போட்டதை வாடகைக்காரருக்குத் தெரியப்படுத்துறது யார்? முழுப் பாக்கெட்டையும் சேமிக்கிறீங்களா, அலெர்ட்டை மட்டுமா, எத்தனை நாளைக்கு? டிஎல்எஸ்ஸுக்குள் இருப்பதை உங்களால் படிக்க முடியாது என்றாலும், யார் யார்கூட எப்போ எவ்வளவு நேரம் பேசினாங்க என்பது அப்படியே தெரியும். அதுவே நிறைய. இதுக்கெல்லாம் உங்க டிசைனில் ஒரு பதில் இருக்கணும். அப்புறம், டெஸ்ட் பண்றேன்னு காலேஜ் வைஃபையிலோ ஹாஸ்டல் நெட்டிலோ என்மேப் ஓட்டாதீங்க. 2000-ஆம் வருஷத்து ஐடி சட்டத்தில் 43, 66 என்று பிரிவுகள் இருக்கு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அதில் விலக்கு கிடையாது. உங்க கிளவுட், உங்க விஎம், உங்க தாக்குதல். அது போதும்.

என்ன அளக்கிறது? அக்யூரசி இல்லைன்னா ரிசல்ட் சாப்டரில் என்ன போடுறது? நிறைய இருக்கு. மிரர் போடாதபோது ரெண்டு விஎம்முக்கு நடுவே எவ்வளவு வேகம், போட்டபிறகு எவ்வளவு, ஐபெர்ஃபில் பாருங்க. எந்த வேகத்தில் சூரிகாட்டா பாக்கெட்டைத் தவற விட ஆரம்பிக்குது, அதுவே தன்னோட ஸ்டாட்ஸில் சொல்லும். தாக்குதல் ஆரம்பிச்சதிலிருந்து 'இந்த ப்ராஜெக்ட்டோட இந்த விஎம்' என்று ஸ்கிரீனில் வர எத்தனை செகண்ட். ஒரே ஐபியில் ரெண்டு வாடகைக்காரரை வச்சு, விஎம்களை அழிச்சு அழிச்சு உருவாக்கி, நூறு அலெர்ட்டில் எத்தனையை சரியான ஆள் மேல போட்டீங்க. இன்னொண்ணு: டேப்பை அனுப்புற விஎம் பக்கம் வச்சா என்ன தெரியுது, வாங்குற விஎம் பக்கம் வச்சா என்ன தெரியுது? செக்யூரிட்டி குரூப் தடுத்துவிட்ட பாக்கெட் உங்க சென்சாருக்கு வருதா இல்லையா? இதுக்கு விடையை நான் சொல்லப் போறதில்லை, ரெண்டு க்ராஃப் வரும் அதில்.

இன்னொரு சோதனையும் வச்சுப் பாருங்க. 2019-ல் கேப்பிட்டல் ஒன் வங்கியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடி பேரோட விவரம் போச்சு. வெளியிலிருந்து வந்த ரிக்வெஸ்ட் ஒன்று உள்ளே இருந்த சர்வரை ஏமாத்தி, 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியில் சாவியைக் கேட்க வைத்ததுதான் வழி. அது அமேசான் கிளவுட். ஆனா ஓபன்ஸ்டாக்கிலும் மெட்டாடேட்டா முகவரி இதேதான். அந்த முகவரிக்குப் போகிற எச்டிடிபிக்கு ஒரு ரூல் எழுதிப் பாருங்க. ஒவ்வொரு விஎம்மும் பூட் ஆகும்போதே அங்கே போய்க் கேட்கும், அதனால் அலெர்ட் மழையா கொட்டும். எதை நல்லது, எதைக் கெட்டது என்று சொல்வீங்க? விஎம் பிறந்து எத்தனை நிமிஷம் ஆச்சு என்பதைப் பார்க்கலாமா? உங்ககிட்டதான் அந்த வரலாறு இருக்கே.

ப்ராஜெக்ட் சென்டர் பத்தி ஒரு வார்த்தை. டைட்டில், கோடு, பிபிடி, ரிப்போர்ட், ப்ளேஜியரிசம் செக் எல்லாம் ஒரே பேக்கேஜா கிடைக்கும், வைவாவுக்குக் கேள்வி பதிலும் சேர்த்து. வீட்டிலிருந்து வருகிற பணம் பல ஆயிரம் அதுக்குப் போகுது. வாங்கறவங்க சோம்பேறிங்க என்று நான் சொல்ல மாட்டேன். நிறைய பேருக்கு எங்கே ஆரம்பிக்கிறதுன்னு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அரியரும் ப்ளேஸ்மென்ட்டும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்குது. ஆனா அந்த கோடு சிடியில் எரிஞ்சு, ஹார்டு பைண்டிங் ரிப்போர்ட்டோட பின் அட்டையில் ஒட்டி, டிபார்ட்மென்ட் லைப்ரரி பீரோவுக்குள் போன பிறகு உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குக்கூட அது உதவினதா தெரியலை. மறுபக்கம் நியூட்ரானைப் பாருங்க. ஃபயர்வால்-ஆஸ்-எ-சர்வீஸ் என்ற பகுதி, பார்த்துக்க ஆள் இல்லாமலேயே ஒரு கட்டத்தில் ஓரம் கட்டப்பட்டது. பிறகு சிலர் முன்வந்ததால் மறுபடி உயிர் வந்தது. இங்கே ஆயிரக்கணக்கான பேர் கையில் செய்ய வேலை இல்லாமல் பழைய சிஎஸ்வியை ட்ரெயின் பண்ணிக்கிட்டிருக்கோம், அங்கே வேலை இருக்கு, ஆள் இல்லை.

உடனே பெரிய ஃபீச்சர் எழுதி அனுப்பச் சொல்லலை. டாக்குமென்ட்டேஷனில் ஒரு கமாண்ட் இப்போ வேலை செய்யலைன்னா அதைத் திருத்தி கெரிட்டில் போடுங்க. ஓபன்ஸ்டாக்கில் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட் கிடையாது, கெரிட்தான், பழகக் கொஞ்சம் நாள் ஆகும். முகம் தெரியாத ஒருத்தர் உங்க நாலு வரிக்கு ஆறு கமென்ட் போடுவார். எந்த ரிவ்யூ பேனலும் உங்க கோடை அவ்வளவு கவனமா படிச்சிருக்காது.

வேலையைப் பிரிக்கிறது சுலபம். ஒருத்தர் ரெண்டு நோடிலும் டெவ்ஸ்டாக்கை உயிரோட வச்சிருக்கணும், அது முழு நேர வேலை. ஒருத்தர் டேப்பும் மிரரும். ஒருத்தர் சூரிகாட்டாவும் ரூலும். ஒருத்தர் அந்த ஐபி வரலாறு. ஜீரோத் ரிவ்யூவுக்கு ஆர்க்கிடெக்சர் டயக்ராம் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. ஒரே ஒரு பெட்டியில் ரெண்டு சிர்ராஸ் விஎம், நடுவில் ஒரு பிங், அந்தப் பிங் மூணாவதா ஒரு இடத்தில் டிசிபிடம்ப்பில் தெரியுற ஸ்க்ரீன் ரெக்கார்டிங், முப்பது செகண்ட் போதும். அதுக்கு ஒரு வார இறுதி ஆகும். சனிக்கிழமை டெவ்ஸ்டாக் இன்ஸ்டாலிலேயே போயிடும், அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரியே டவுன்லோடு போட்டுட்டுத் தூங்குங்க.